பச்சை உடம்புக்காரிக்குப் பக்கத் துணை



2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது, பிரசவமான பெண்ணுக்குத் தொற்று உறுதியானால் வீட்டில் முதலில் எழுந்த கேள்வி, 'குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா?' என்பதுதான். சீனாவில் தொடக்கத்தில் தாயையும் சேயையும் 14 நாள் பிரித்தே வைத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனமோ, பிரிக்க வேண்டாம் என்றது. தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு, சோப்பால் கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்றது.

பிரித்தால் என்ன ஆகும்? குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சில நாள் விட்டுப்போனால் சுரப்பு குறைந்துவிடும். தொற்றிலிருந்து தேறிய தாயின் பாலில் அந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இருப்பதையும் ஆய்வுகள் கண்டன. பிரிக்கப்படும் குழந்தைக்கு அதுவும் கிடைக்காது.

அடுத்த தவறு, பேரிடர் காலத்தில் நல்ல மனதோடு செய்யப்படுவது: பால்பவுடர் டப்பாக்களை எல்லோருக்கும் வாரி வழங்குவது. 2006-இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது இப்படித்தான் நடந்தது. தானமாக வந்த பவுடரைக் குடித்த குழந்தைகளுக்கு, அது கிடைக்காத குழந்தைகளைப்போல இருமடங்கு வயிற்றுப்போக்கு வந்தது. நல்ல தண்ணீரும் அடுப்பும் இல்லாத இடத்தில் டப்பாப் பால் ஆபத்து. தாய்ப்பாலுக்கு வழியே இல்லாத குழந்தைக்கு மட்டும், மருத்துவர் சொல்படி, சுத்தமான தண்ணீரோடு சேர்த்து அதைக் கொடுக்க வேண்டும்.

தாய்மாரை மறந்துவிடுவதும் உண்டு. இந்தியாவில் 2021 ஜனவரியில் கொரோனா தடுப்பூசி போடுவது தொடங்கியது. பாலூட்டும் பெண்களும் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது மே மாதத்தில்தான்.

அப்படியானால் வீட்டில் நாம் செய்ய வேண்டியது என்ன? பிரசவமான பெண்ணுக்கு வேளாவேளைக்குச் சோறும் தண்ணீரும் கைக்கு எட்ட வேண்டும். துணி அலசுவது, மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, இரவில் குழந்தையைத் தூக்கித் தட்டிக்கொடுப்பது எல்லாம் கணவரின் பொறுப்பு. எழுந்து உட்காரவே முடியாத அளவுக்குக் காய்ச்சல் என்றால், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் எடுத்து, நோயில்லாத ஒருவர் சங்கில் புகட்டலாம். அறை வெப்பத்தில் அந்தப் பால் நான்கு மணி நேரம் தாங்கும்.

'உனக்குப் பால் பத்தாது' என்ற பேச்சை மட்டும் அவள் காதில் போடாதீர்கள். கவலை கூடினால் பால் இறங்குவது தடைபடும். சந்தேகம் வந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். நோய்க் காலத்தில் பார்க்கப் போக முடியாவிட்டாலும், 'சாப்பிட்டியாம்மா, தூங்கினியா?' என்று தினமும் போனில் விசாரியுங்கள். தாய் தெம்பாக இருந்தால் பிள்ளைக்குப் பசியாறும்.