பேர்க்கிலியின் கொடை

கணினி என்னும் பொறி தானாக ஒன்றுஞ் செய்வதில்லை. நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டிலே கோப்புகளை ஒழுங்குற வைத்து, ஒரே வேளையில் ஓடும் செய்நிரல்கள் ஒன்றையொன்று இடறாது காப்பது பணிசெயல் முறைமையாகும். விண்டோஸ், லினக்ஸ் என்னும் பெயர்களைப் பலரும் அறிவர். பீ.எஸ்.டீ. என்பதை அறிந்தார் சிலரே. ஆயினும் நெற்பிளிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் நிறுத்தியுள்ள படவழங்கிகளை இயக்குவது அக்குடும்பத்தைச் சேர்ந்த பிறீ பீ.எஸ்.டீ. என்றால், அதனைப் புறக்கணிப்பதற்கில்லை.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் தொடக்கிய யுனிக்ஸ் முறைமை, மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் கிடைத்தது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய், அதற்குச் சேர்த்தனவற்றைத் தொகுத்து 1978 இல் வெளியிட்டார். பேர்க்கிலி மென்பொருட் பகிர்வு என்பதன் சுருக்கமே பீ.எஸ்.டீ. 1983 இல் வந்த 4.2 ஆம் பதிப்பு, இணையத்தின் நெறிமுறைகளைத் தன்னுள்ளே கொண்டிருந்தது. அதிற் கண்ட 'சொக்கற்' என்னும் ஏற்பாடே இன்றும் வலையமைப்புச் செய்நிரல்களுக்கு அடிப்படை.

இத்தகைய முன்னோடி பின்தங்கியது ஏன்? யுனிக்ஸ் உரிமையாளர் 1992 இல் தொடுத்த வழக்கு ஒரு பெருங்காரணம். 1994 இல் அது இணக்கமாக முடிந்தபொழுது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே! அதற்கிடையில், 1991 இல் பின்லாந்து மாணவர் லைனஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், வழக்கின் நிழல் படாமல் வளர்ந்துவிட்டது.

சேவையகங்களைப் பொறுத்தவரை பீ.எஸ்.டீ.யின் சிறப்பு அதன் ஒருமைப்பாடே. லினக்ஸ் என்பது கருவகம் மாத்திரம். ஏனைய உறுப்புகளைப் பலரிடமிருந்து பெற்று வேறு சிலர் பொருத்துகின்றனர். பீ.எஸ்.டீ.யிலோ கருவகம், அடிப்படைக் கட்டளைகள், கைந்நூல் யாவும் ஒரே குழுவினரின் பொறுப்பு. ஒரே மேசன் அத்திவாரமிட்டுக் கூரையும் வேய்ந்த வீடு போன்றது அது. கைந்நூலிற் சொன்னபடியே கட்டளை நடக்கும். இது எளிய காரியமன்று என்பதை நள்ளிரவிற் பழுது பார்த்தவர் அறிவர். ஒரு சேவையகத்தைப் பல தனியறைகளாகப் பிரிக்கும் 'ஜெயில்' ஏற்பாடு 2000 ஆம் ஆண்டிலேயே பிறீ பீ.எஸ்.டீ.யில் இடம்பெற்றது. வட்டிற் பதிந்த தரவு சிதைந்ததா எனத் தானே சரிபார்க்கும் இசட்.எப்.எஸ். கோப்பு முறைமை 2008 இல் அதனோடு சேர்ந்தது.

குறையும் உண்டு. 2013 இல் வெளிவந்து பரவிய டொக்கர் முதலியன லினக்ஸை எண்ணியே எழுதப்பட்டவை. வணிக மென்பொருள் விற்போரிற் பலர் பீ.எஸ்.டீ.யைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறீ பீ.எஸ்.டீ. மீது நெடுங்காலம் நின்ற ட்ரூநாஸ் என்னும் சேமிப்பக முறைமையே லினக்ஸுக்கு மாறிவிட்டது.

மேசைக்கு வந்தாலோ நிலைமை கடினம். திரையின் வரைகலைச் சில்லுக்கான இயக்கிகளைப் பெரும்பாலும் லினக்ஸிலிருந்தே பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே புதிய கணினிக்கு அவை பிந்தியே வரும். கம்பியில்லா வலையமைப்பிலும் நெடுங்காலப் பின்னடைவு. ஓப்பின் பீ.எஸ்.டீ.யோ புளூரூத் வசதியை 2014 இல் அடியோடு நீக்கிவிட்டது. பிழை மலிந்ததை வைத்திருப்பதிலும் இல்லாதிருப்பதே மேல் என்பது அவர்தம் கொள்கை. பிறீ பீ.எஸ்.டீ. அறக்கட்டளை 2024 இல் மடிக்கணினிகளுக்கெனத் தனி முயற்சி தொடங்கியது நல்ல செய்தி.

இக்குறைகளுக்கு வேர், கை குறைவு; காசும் குறைவு. பீ.எஸ்.டீ. உரிமம் தாராளமானது. எவரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை மறைத்தும் வைக்கலாம். அப்பிளின் மாக் முறைமையிலும், 2013 இல் வந்த பிளேஸ்ரேசன் 4 இலும் இதன் பகுதிகள் உள்ளன. நெற்பிளிக்ஸ் போன்றோர் தம் திருத்தங்களைத் திருப்பியளிக்கின்றனர், எல்லோரும் அவ்வாறல்லர். ஓப்பின் பீ.எஸ்.டீ. குழுவினர் 1999 இல் ஆக்கியளித்த ஓப்பின் எஸ்.எஸ்.எச். என்னும் காப்புக் கருவி, இன்று உலகின் லினக்ஸ் சேவையகங்களிற் பெரும்பாலானவற்றுக்கு வாயிற்காவலன். அதே குழுவினர் 2014 தொடக்கத்தில், 20,000 டொலர் மின்கட்டணஞ் செலுத்த வழியின்றிப் பகிரங்க முறையீடு செய்ய நேர்ந்தது. அதன் பின்னரே கொடைகள் வந்தன. பெருநிறுவனங்கள் இதற்காகச் சிறிதேனும் நாணியிருக்க வேண்டும்.

ஆதலால், அஞ்சல், கோப்பு, தீச்சுவர் ஆகிய பணிகளுக்குச் சேவையகம் அமைப்போர் இதனைத் துணிந்து கொள்ளலாம். அப்பணிகளுக்கு இது குறைந்த பராமரிப்போடு நின்று உழைக்கும். மேசைக் கணினியில் விரும்புவோர், அதன் கம்பியில்லா அட்டையும் வரைகலைச் சில்லும் ஆதரவுப் பட்டியலில் உளவா என முதலிற் பார்த்தல் வேண்டும். கோஸ்ற் பீ.எஸ்.டீ. என்னும் பதிப்பு ஆயத்தமான திரையோடு வருவது. சிறு நினைவுக்கோலிலிருந்தே அதனை இயக்கிப் பார்க்கலாம். வட்டில் உள்ளவற்றை அழிப்பது அதன் பிறகு ஆகட்டும்.