சைக்கிள் மிச்சம்பிடித்த நேரம்



நம் மர்பி டவுன் பகுதியில் வேலை, வீடு இரண்டையும் பார்த்துக்கொண்டு, மாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர நினைப்பவர்களை முதலில் தடுப்பது எது? "நேரம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விதான்.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பெண்கள் நல்லதொரு விடை கண்டார்கள். 1991-இல் அங்கே அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் எனப் பலரும் அதில் இணைந்தார்கள். பகலெல்லாம் உழைப்பு, பிறகு சமையல், தண்ணீர், பிள்ளைகள். இவற்றுக்கு நடுவில்தான் எழுத்துக் கற்பதும் கற்பிப்பதும்.

அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியையும் இயக்கத்தின் பகுதியாக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. குழந்தையை முன்னால் உட்காரவைத்து, குடங்களைப் பின்னால் கட்டிக்கொண்டு பெண்கள் வேலைக்குப் போனார்கள். கேலி பேசியவர்களும் உண்டு. பெண்கள் பொருட்படுத்தவில்லை. மகளிர் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்.

இயக்கம் தொண்டு செய்யச் சொன்னதோடு நில்லாமல், தொண்டருக்கு நேரத்தையும் தேடிக் கொடுத்ததால் வந்த வெற்றி இது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் பிறருக்காக உழைக்கிறாரா? பாராட்டினால் மட்டும் போதாது. அவர் வீட்டு வேலையில் ஒன்றை இன்றே நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவும் தொண்டுதான்.