பள்ளிக்குச் செல்லும் பாதை யாருடையது?

(பதுளையில் ஆற்றிய உரை)



மலையகக் கல்வி என்றதும் நாம் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுகிறோம். பேச வேண்டியவைதாம். ஆயினும், லயத்து வாசலுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் இடையே கிடக்கும் இரண்டு மூன்று கட்டை தூரத்தைப் பற்றி எந்த மேடையில் எவர் பேசினார்? இன்று அதனை மட்டுமே பேச விரும்புகிறோம்.

தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. மேலே படிக்கப் பசறைக்கோ, பண்டாரவளைக்கோ, பதுளைக்கோ வரவேண்டும். பதினொரு வயதுச் சிறுமி பொழுது புலருமுன் தேயிலை மலைச் சரிவிலே குறுக்குப் பாதையில் இறங்குகிறாள். மழையானால் படி வழுக்கும், அட்டை கடிக்கும், எப்பொழுது எந்தக் குளவிக் கூடு கலையுமென்று எவரும் அறியார். ஓடை பெருகினால் அன்று பள்ளி இல்லை. இவ்வாறு மாரிக்கு மாரி நாட்கள் கழிய, “பெண் பிள்ளையை இந்த வழியிலே எப்படி அனுப்புவது?” என்று தாய் ஒருநாள் நிறுத்திவிடுகிறாள். படிப்பில் நாட்டமில்லை என்று நாம் எழுதிக்கொள்கிறோம். தாயின் அச்சத்தை எழுத ஏட்டிலே இடமில்லை!

பெருஞ்சாலையை அடைந்தால் மட்டும் என்ன? ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். 2021 மார்ச் 20ஆம் நாள் பசறை–லுணுகலை வீதியிலே, பதின்மூன்றாம் கட்டையருகே, பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டனர். சரிந்த பாறை வழியைக் குறுக்கியிருந்த இடம் அது. பேருந்துக்கே இடமில்லாத வீதியில் புத்தகப் பை சுமந்த குழந்தைக்கு எங்கே இடம்?

மண்ணும் நம்மை விட்டபாடில்லை. 2014 அக்டோபர் 29 காலையிலே கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வர வீடு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தை மீண்டும் உலுக்கிற்று. அதன்பின், வீதிகள் திறக்கப்பட்டன என்ற செய்தியில் நாம் கேட்டவை பெருவீதிகளின் பெயர்கள். பிள்ளைகளின் ஒற்றையடிப் பாதைக்குப் பெயரே இல்லையே!

பெயர் ஏன் இல்லை? உடையவர் இல்லை. தோட்டப் பாடசாலைகளை 1977 முதல் அரசு படிப்படியாக ஏற்றது. தோட்டங்களின் நிர்வாகமோ 1992இல் கம்பெனிகளிடம் சென்றது. பள்ளி அரசினுடையது, பாதை தோட்டத்தினுடையது! கம்பெனிக்கு வேண்டியது கொழுந்து ஏற்றும் லொறி செல்லும் வழி. பிரதேச சபையைக் கேட்டால், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்துக்குள் பணம் செலவிட இயலாது என்பார்கள். அந்தத் தடை 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. 2023 மார்ச் முதல் உறுப்பினரின்றிக் கிடந்த சபைகளுக்கும் 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்து முடிந்தது. இனிச் சொல்லச் சாக்கு ஏது?

டென்மார்க்கின் ஒடென்சே நகரில், 1970களிலே, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வழியில் ஆபத்து எங்கெங்கே என்று முதலில் கணக்கெடுத்தார்கள்; பிறகே வீதியைத் திருத்தினார்கள். அது செல்வ நாடு என்பீர்கள். கணக்கெடுக்கச் செல்வம் வேண்டுமா?

நாம் கேட்பது மாளிகையன்று. செங்குத்தான இடத்தில் கற்படி, அதற்கொரு கைபிடி, ஓடைக்கு மேலே சிறு பாலம், பெருவீதியின் ஓரத்திலே ஒரு முழமேனும் நடைபாதை. எல்லாவற்றிற்கும் முன்னதாக, ஒவ்வொரு பாதையும் பிரதேச சபையின் ஏட்டிலே பெயரோடு பதியப்பட வேண்டும். பதிவில்லாத பாதைக்கு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் ஒரு சதம் விழாது.

இங்கே அமர்ந்திருக்கும் சட்டத்தரணிகள் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள். நில அளவையாளர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாருங்கள். வெலிமடையில் மரக்கறி பயிரிடும் அன்பர்களே, வேலியை இரண்டடி உள்ளே தள்ளிப் போட்டால் கிழங்குப் பாத்தி ஒன்றுதான் குறையும்; அந்த இரண்டடியில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் வரிசையாய்ச் செல்வார்கள். ஆசிரியர்களே, எந்த இடத்தில் பயம் என்று நாளைக் காலையே பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருமுன் அந்தப் பட்டியல் தவிசாளர் மேசைமேல் இருக்க வேண்டும். அதற்கு ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும்.