குடுவை கழுவிய கைகள்
(தஞ்சோங் பகாரில் நடந்த கல்வி மாலையில் ஆற்றிய உரை)

 

தஞ்சோங் பகாரில் பேச வந்தால் எங்களுக்கு மிளகாய் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த நம் தாய்மார் இங்கே மசாலா அரைத்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் வேலை தேடி அலைந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. இன்று நாங்கள் சொல்லவிருக்கும் பெண்ணின் கதை அவர்களுக்கு உடனே புரியும்.

அவர் பெயர் துக்-குயென் நுயென். வியட்நாமில் மின்சாரம் இல்லாத சிற்றூரில் வளர்ந்தவர். 1991இல், 21 வயதில், குடும்பத்தோடு அமெரிக்கா போனார். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. சாந்தா மோனிகா கல்லூரியில் சேர்ந்து, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டவருக்குக் கிடைத்தது, ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை. அதையும் செய்துகொண்டு படித்தார். 1997இல் இளநிலைப் பட்டம். 2001இல் வேதியியலில் முனைவர் பட்டம். 2004 முதல் சாந்தா பார்பராவில் ஆசிரியப் பணி. இன்று அங்கே பேராசிரியர்.

அவர் ஆராய்வது கரிமச் சூரியக் கலங்களை. நம் புளோக்குகளின் கூரையில் இருப்பவை சிலிக்கன் தகடுகள், கனமானவை, வளையாதவை. கரிமக் கலத்தில் வெயிலைப் பிடிப்பது கார்பன் சேர்மங்களின் மெல்லிய படலம். தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான் இருக்கும். மை போலக் கரைத்துப் பூசலாம். ஒரு பொருள் எலெக்ட்ரானைக் கொடுக்கவேண்டும், மற்றொன்று வாங்கவேண்டும். இரண்டும் சரியாகக் கலக்காவிட்டால் மின்சாரம் வழியிலேயே வீணாகிவிடும். மசாலா அரைத்த வீடுகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை! அந்தக் கலவையின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் பார்த்து, மின்சாரம் எங்கே வீணாகிறது என்று தேடுவது நுயெனின் முக்கியமான வேலைகளில் ஒன்று.

1986இல் சிங் டாங் என்ற வேதியியலாளர் இப்படி இரு பொருள்களை அடுக்கிச் செய்த கலம் வெயிலில் ஏறக்குறைய 1 விழுக்காட்டைத்தான் மின்சாரமாக்கியது. இன்று ஆய்வுக்கூடங்களில் அது 19 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் வெயிலிலும் ஈரத்திலும் இந்தக் கலங்கள் சிலிக்கனைப் போல நெடுநாள் உழைப்பதில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நமக்கு இதில் என்ன? பக்கத்தில் நிற்கும் பினாக்கல் @ டக்ஸ்டனைப் பாருங்கள். 50 மாடி. கூரை கையளவு, சன்னல்களோ ஆயிரக்கணக்கில். ஒளி ஊடுருவும் கரிமக் கலங்களைச் சன்னல் கண்ணாடியிலேயே பதிக்கலாம். இடம் இல்லாத ஊருக்கு ஏற்ற பொருள்.

நம் வீட்டுப் பெண் வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மருந்தாளர் ஆகலாமே என்கிறோம். ஆராய்ச்சி என்றால், “இன்னும் எத்தனை வருஷம்? கல்யாணம் எப்போது?” என்று கேட்கிறோம். நாங்களும் கேட்டிருக்கிறோம், மறைக்கவில்லை. நுயெனுக்கு இளநிலையிலிருந்து முனைவர் பட்டம்வரை ஆனது நான்கே ஆண்டு.

இனி கேள்வி நேரம். பெற்றோர் கொஞ்சம் பொறுங்கள். பின்வரிசையில் இருக்கும் பெண் பிள்ளைகள் முதலில் கேட்கட்டும்.