கேங்கா தாய்லாந்து போறீங்களா? புக் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

'தாய்லாந்து கன்ஃபார்ம்'னு பேர் வச்ச ஒரு வாட்ஸ்அப் குரூப் உங்க போன்லயும் இருக்கும். ரெண்டு வருஷமா கன்ஃபார்மே ஆகாம கிடக்கும். இன்னைக்கு எபிசோட் அந்த குரூப்ல இருக்கிறவங்களுக்குத்தான்.

அந்த குரூப்ல என்னெல்லாம் பேசுவோம்? டிக்கெட் எப்போ குறையும், எந்த ஹோட்டல்ல பூல் இருக்கு, யார் கூட யாருக்கு ரூம், வெஜ் சாப்பிடறவங்களுக்கு என்ன கிடைக்கும், ஆளுக்கு எவ்வளவு பட்ஜெட். நூறு மெசேஜ் போகும். ஆனா ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கிறதில்லை. "நம்மள்ல யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்?"

யோசிச்சுப் பாருங்க. சென்னையில வளர்ந்தவங்களுக்குக் கடல் புதுசு இல்லை. ஆனா நமக்குக் கடல்னா கால் நனைக்கிறது. பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்டு, செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு, அலை வந்தா கத்திக்கிட்டு பின்னாடி ஓடறது. அப்புறம் சுண்டல், மிளகாய் பஜ்ஜி, வீடு. தாய்லாந்து ட்ரிப்ல நீங்க பாதி நாள் தண்ணியிலதான் இருப்பீங்க. ஸ்நார்க்லிங், கயாக், தீவு தீவா படகுல போறது, நடுக்கடல்ல படகை நிறுத்தி "குதிங்க"ன்னு சொல்றது. கடற்கரை ஊர்க்காரங்கன்ற தைரியம் அங்கே செல்லாது.

எந்த மாசம், எந்தக் கரை

முதல்ல மாசம். தாய்லாந்தோட தென்பகுதி ஒரு வால் மாதிரி நீளமா இறங்குது. அதுக்கு ரெண்டு பக்கமும் கடல். மேற்குல அந்தமான் கடல்: புக்கெட், கிராபி, பீ பீ தீவுகள் எல்லாம் இந்தப் பக்கம். கிழக்குல தாய்லாந்து வளைகுடா: கோ சாமுய், கோ பங்கான், கோ தாவ் அந்தப் பக்கம். ரெண்டு பக்கத்துக்கும் மழைக்காலம் வேற வேற.

இதை ஞாபகம் வச்சுக்க நமக்கு ஒரு ஈஸியான வழி இருக்கு. கேரளாவுக்கு மழை கொண்டு வர்ற அதே தென்மேற்குப் பருவக்காத்துதான் புக்கெட்டையும் கிராபியையும் அடிக்குது. மே மாசம் நடுவுல தொடங்கி அக்டோபர் வரைக்கும் அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பா இருக்கும். சென்னைக்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை கொடுக்கிற வடகிழக்குப் பருவக்காத்து கோ சாமுய் பக்கம் மழையைக் கொட்டும். அதனால கணக்கு சிம்பிள். கேரளாவுல மழைன்னா புக்கெட்ல மழை. சென்னையில மழைன்னா சாமுய்ல மழை.

இதுல நம்ம ஆளுங்க மாட்டிக்கிற இடம் எதுன்னா, நமக்கு லீவு கிடைக்கிறது மே, ஜூன்ல. அப்போதான் புக்கெட்ல ஆஃப் சீசன். ஹோட்டல் ரேட் சட்டுனு இறங்கியிருக்கும். "மச்சான், பாதி விலைடா!"ன்னு குரூப்ல ஸ்க்ரீன்ஷாட் வரும். ரூம் ஏன் பாதி விலைன்னு யாரும் கேட்க மாட்டாங்க. கடல் இறங்குற மாதிரி இல்லைன்றதுதான் காரணம்.

மே, ஜூன் தவிர லீவு இல்லைன்னா வளைகுடா பக்கம் போங்க. அந்த மாசங்கள்ல அது பெரும்பாலும் நல்லா இருக்கும். பொங்கல் லீவோட ரெண்டு நாள் சேர்த்துப் போட முடியும்னா புக்கெட், கிராபி போங்க, ஜனவரி அந்தப் பக்கத்துக்கு அருமையான மாசம். தீபாவளியை ஒட்டிப் போறதா இருந்தா சாமுயை விட்டுடுங்க.

இது வெறும் மழையில நனையற விஷயம் இல்லை. 2018 ஜூலை 5-ம் தேதி புக்கெட் பக்கத்துல 'பீனிக்ஸ்'னு ஒரு டூரிஸ்ட் படகு புயல்ல சிக்கி மூழ்குச்சு. 47 பேர் இறந்தாங்க. எல்லாரும் லீவுக்கு வந்த சீனப் பயணிகள். வானிலை எச்சரிக்கை இருந்தப்பவே அந்தப் படகு கிளம்பியிருந்தது. டூருக்குக் காசு கட்டியாச்சு, நாளைக்கு ஃப்ளைட், இன்னைக்கு விட்டா பார்க்க முடியாதுன்னு நம்ம மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கைக் கடல்கிட்ட போடாதீங்க. படகுக்காரர் "இன்னைக்கு வேணாம்"னு சொன்னா அவர்கிட்ட பேரம் பேசாதீங்க. அவர் போகலாம்னு சொல்லி உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா, அந்தக் காசை விட்டுடுங்க.

அமைதியா தெரியற தண்ணி

அடுத்து, கரையில நிக்கும்போது தெரிய வேண்டியது. ரிப் கரன்ட். நம்ம ஊர்ல "உள்ள இழுக்குது"ன்னு சொல்லுவாங்களே, அதுதான். அலை கரைக்கு வந்து வந்து தண்ணியைக் குவிக்கும். அந்தத் தண்ணி திரும்பிப் போகணும் இல்லையா? மணல்மேட்டுக்கு நடுவுல எங்கே ஒரு இடைவெளி இருக்கோ, அந்த வழியா ஒரு வாய்க்கால் மாதிரி வேகமா வெளியே ஓடும்.

இதுல ஏமாத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த இடத்துல அலை குறைவா உடையும். நுரை இருக்காது. தண்ணி கொஞ்சம் கருத்து, அமைதியா தெரியும். நீச்சல் தெரியாதவர் எங்கே இறங்குவார்? "இங்கேதான் அலை கம்மியா இருக்கு"ன்னு சரியா அதே இடத்துலதான் இறங்குவார்.

மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்? ரிப் கரன்ட் உங்களைக் கீழே இழுக்காது, கரையை விட்டு வெளியே இழுத்துக்கிட்டுப் போகும். பயத்துல கரையைப் பார்த்து நேரா நீந்தறதுதான் ஆபத்து. வேகமா ஓடுற நேரத்துல அது நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரராலயே அதை எதிர்த்து ரொம்ப நேரம் நீந்த முடியாது. களைச்சுப் போறதுலதான் உயிர் போகுது. அதனால மல்லாந்து மிதங்க. கையைத் தூக்கி உதவி கேளுங்க. நீச்சல் தெரிஞ்சா, கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்துங்க. அந்த ஓட்டம் பொதுவா அகலம் கம்மி. அதை விட்டு வெளியே வந்ததும், அலை உடையற இடமா பார்த்துக் கரைக்குத் திரும்பலாம்.

ஒரு நண்பர் மாட்டிக்கிட்டா மத்தவங்க என்ன பண்ணணும்? இது இன்னும் முக்கியம். "மச்சான்!"னு கத்திக்கிட்டு உள்ளே குதிக்காதீங்க. ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ரெண்டு பேர், மூணு பேர் போன செய்தியை நம்ம ஊர்லயே எத்தனை தடவை படிச்சிருக்கோம்! லைஃப்கார்டைக் கூப்பிடுங்க. மிதக்கிற ஏதாவது ஒண்ணைத் தூக்கிப் போடுங்க: லைஃப் ஜாக்கெட், மூடி போட்ட காலி வாட்டர் கேன், ஐஸ் பாக்ஸ், எதுவா இருந்தாலும். ஒருத்தர் மாட்டினவர் மேலேயே கண்ணை வச்சிருங்க. தாய்லாந்துல மெடிக்கல் எமர்ஜென்சிக்கு 1669, டூரிஸ்ட் போலீஸுக்கு 1155. கிளம்பறதுக்கு முன்னாடியே எல்லாரும் போன்ல சேவ் பண்ணிக்கோங்க.

கொடி விஷயம் சின்னதுதான். சிவப்புக் கொடி பறந்தா இறங்கக் கூடாது. மேல சிவப்பு, கீழ மஞ்சள்னு பாதிப்பாதியா இருந்தா, அந்த ரெண்டு கொடிக்கு நடுவுல லைஃப்கார்ட் கண்காணிப்பு இருக்கு, அங்கேயே குளிங்க. மே முதல் அக்டோபர் வரைக்கும் புக்கெட்ல கத்தா, கரோன் மாதிரி பீச்கள்ல சிவப்புக் கொடி அடிக்கடி பார்க்கலாம். பக்கத்துல நாலு பேர் குளிச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் அந்தக் கடலைப் பத்தி உங்க அளவுக்குத்தான் தெரியும்.

யார் முதல்ல சொல்றது?

இப்போ அந்தக் கேள்விக்கு வர்றேன். நீச்சல் தெரியாதவங்க ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க? ஏன்னா நம்ம கேங்ல பயத்தைச் சொன்னா அது அடுத்த பத்து வருஷத்துக்கு மீம். "எனக்குத் தண்ணி பயம்டா"ன்னு ஒருத்தன் சொன்னா, அவன் கல்யாணத்துலயும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அதனால அவன் சிரிச்சுக்கிட்டே பின்னாடி வந்து இறங்கிடுவான். எல்லாரும் இறங்கறாங்க, நானும் இறங்கறேன். அவனைத் தண்ணிக்குள்ள கொண்டு வந்தது அலை இல்லை, நாமதான்.

எனக்குத் தெரிஞ்ச ஆறு பேர் செட் ஒண்ணு கிராபி போச்சு. நாலு தீவு டூருக்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பாட்டு டேபிள்ல ஒரு பொண்ணு சொன்னா: "எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாம நான் தண்ணியில இறங்க மாட்டேன். கலாய்க்கிறதுன்னா இப்பவே கலாய்ச்சுக்கோங்க." ரெண்டு நிமிஷம் கலாய்ச்சாங்க. அப்புறம் இன்னொருத்தன், "எனக்கும் தெரியாது"ன்னான். அப்புறம் மூணாவது ஆள். ஆறு பேர்ல மூணு பேர்! அடுத்த நாள் நீச்சல் தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரும் ஒருத்தர் கூட ஜோடியா இருந்தாங்க. மூணு பேரும் ஜாக்கெட் போட்டுக்கிட்டு மிதந்து மீனைப் பார்த்தாங்க. ட்ரிப்ல யாருக்கும் எதுவும் குறையலை.

நீச்சல் தெரியாம தாய்லாந்து போகக் கூடாதுன்னு நான் சொல்லலை. ஜாக்கெட் போட்டு ஸ்நார்க்லிங் பண்ணலாம். ரெய்லேவுக்குப் படகுல போய் பாறையையும் கடலையும் பார்த்துக்கிட்டே நாள் முழுக்க உட்காரலாம். தெரியாதுன்றது வெளியில தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

ரெண்டு விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். ஒண்ணு, குடிச்சுட்டு கடல்ல இறங்காதீங்க, முக்கியமா ராத்திரியில. நீங்க இருக்கிறதே யார் கண்ணுக்கும் தெரியாது. ரெண்டு, ஸ்கூட்டர். அங்கே வண்டி ஓட்ட நம்ம ஊர் டூவீலர் லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் வேணும். ஆர்டிஓல வாங்கிக்கலாம். லைசென்ஸ் இல்லாமலோ ஹெல்மெட் இல்லாமலோ விழுந்தா, பெரும்பாலான டிராவல் இன்ஷூரன்ஸ்ல ஒரு ரூபா வராது. ஆஸ்பத்திரி பில் மொத்தமும் கேங் தலையில விழும். வண்டிக்கு அடமானமா பாஸ்போர்ட்டைக் கேட்டா கொடுக்காதீங்க. ஜெராக்ஸும் டெபாசிட் காசும் வாங்கிக்கிற கடையாப் பாருங்க.

சரி, இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை. அந்த குரூப்பைத் திறங்க. "யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும்? எனக்கு இவ்வளவுதான் தெரியும்"னு உங்களைப் பத்தி முதல்ல நீங்களே போடுங்க. நீங்க சொன்னாத்தான் அடுத்தவன் சொல்லுவான். ட்ரிப்புக்கு இன்னும் மூணு மாசம் இருக்குன்னா, பக்கத்துல இருக்கிற நீச்சல் குளத்துல சேர்ந்துடுங்க. மல்லாந்து மிதக்க மட்டும் கத்துக்கிட்டாலே பெரிய விஷயம்.

போறவங்க எல்லாரும் திரும்பி வரணும். அப்போதான் அந்த குரூப்ல போட்டோ ஷேர் பண்ண முடியும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.