நாயின் குருதியிற் சீனி குறையும்போது

நீரிழிவு என்னும் சொல்லை அறியாதார் இன்று நம்மிடையே இலர். குருதியிற் சீனி மிகுவதே அந்நோய். அதற்கு நேர்மாறாக, சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைவதால் விளையும் நோயும் ஒன்றுண்டு. அது மனிதருக்கு மட்டுமன்றி, நம் வாயிலைக் காத்து நிற்கும் நாய்க்கும் வரும். அந்நோய் கண்ட நாயைக் கண்டு, முதுமை என்று சிலர் வாளாவிருப்பர். விசர் என்று சிலர் தடியை எடுப்பர். இரண்டும் தவறாகிவிடக்கூடும் என்பதை எடுத்துரைக்கவே இன்று விரும்புகின்றேன்.

இரைப்பையை அடுத்துச் சதையி என்றோர் உறுப்பு உளது. 1889ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மேரிங், மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் ஒரு நாயின் சதையியை அகற்றினர்; அந்த நாய்க்கு நீரிழிவு கண்டது. 1921ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ட் ஆகிய இருவரும் நாயின் சதையியிலிருந்து எடுத்த சாறு, நீரிழிவுற்ற நாயின் குருதிச் சீனியைக் குறைத்தது. அச்சாற்றில் இருந்த ஓமோனே இன்சுலின். எண்ணற்ற மனிதரை வாழவைக்கும் அம்மருந்துக்கு நாய்கள் கொடுத்த விலை சிறிதன்று.

அந்த இன்சுலினே மிகுந்துவிட்டால் என்னாகும்? சீனி குறைந்தவுடன் இன்சுலின் சுரப்பதை அடக்கிக்கொள்வது நலமான சதையியின் இயல்பு. இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் கட்டியாகப் பெருகிவிடின், அக்கட்டி இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. சீனி வற்றிய பின்னரும் அது சுரந்துகொண்டே இருக்கும். அரிதாக, ஈரலிலோ குடலின் தசையிலோ தோன்றும் கட்டிகளும் வேறு வழியாக இதே விளைவைத் தருவதுண்டு.

மூளை தன் தொழிலுக்குச் சீனியையே பெரிதும் நம்பியிருக்கின்றது. எனவே நாய் தளர்ந்து நடக்கும், பின்னங்கால்கள் துவளும், உடல் நடுங்கும், திகைத்து நிற்கும், ஈற்றில் வலிப்புக் கண்டு விழும். சிறிது நேரத்தில் எழுந்து, ஒன்றும் நேராதது போல வாலை ஆட்டும். நோய் மறைந்திருப்பதற்கு இதுவே காரணம். நெடுநேரம் பட்டினி கிடந்தபோதும், ஓடிக் களைத்தபோதும், எசமானைக் கண்டு துள்ளியபோதும் இது பெரும்பாலும் தோன்றும். சிலவேளை உணவுண்ட பின்னரும் தோன்றும்.

நடுவயதைக் கடந்த நாய்களையே இந்நோய் பெரும்பாலும் பற்றுகின்றது. ஆதலால், முன்னொருபோதும் வலிப்புக் காணாத முதிய நாய்க்கு வலிப்பு வந்தால், குருதியிற் சீனியை அளந்து பார்ப்பது அவசியம். 100 மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 70 முதல் 110 மில்லிகிராம் வரை சீனி இருப்பது இயல்பு. அது 60க்குக் கீழிறங்கிய வேளையிலும் இன்சுலின் குறையாதிருப்பின், மிருக வைத்தியர் கட்டியை ஐயுறுவார்.

விசர் நோய் இவ்வாறு மாதக்கணக்கில் வந்து வந்து போவதன்று. அறிகுறி கண்ட நாய் சில நாட்களுள் இறந்துபடும். ஆயினும், தடுப்பூசி போடாத நாயோ, திடீரெனக் குணம் மாறிய நாயோ ஆயின், அதனை அணுகாது வைத்தியருக்கு அறிவிப்பதே அறிவுடைமை.

வலிப்பு வேளையில் நாயின் வாய்க்குள் கையை இடலாகாது. வலிப்பு அடங்கிய பின் ஈற்றிலே தேனையோ சீனிப்பாகையோ சிறிது தடவலாம். தெளிந்து விழுங்கத் தொடங்கியதும் வழமையான உணவைச் சிறிதளவு கொடுத்து, தாமதியாது வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். சீனி குறைந்ததுதானே என்று நாள்தோறும் இனிப்பை ஊட்டுவது பெருந்தவறு. திடீரெனப் பெருகும் சீனி கட்டியைத் தூண்டும். அது மேலும் இன்சுலினைச் சொரியும். நாய் முன்னிலும் கீழான நிலையை அடையும். இனிப்பற்ற உணவை நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை சிறுகச் சிறுகக் கொடுப்பதும், கடும் ஓட்டத்தைத் தவிர்ப்பதுமே தக்க வழி.

கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். இயலாவிடின் சீனியைத் தாங்கிப்பிடிக்கும் மருந்துகள் உள. நாய்களில் இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோயாகவே இருப்பதால், முற்றிலும் குணமாகும் என்று உறுதி கூறுவதற்கில்லை. எனினும் சத்திரசிகிச்சையின் பின் ஓராண்டும் அதற்கு மேலும் நலமாக வாழ்ந்த நாய்கள் பல. நாயின் வாழ்நாட் கணக்கில் ஓராண்டு சிறிதன்று.

வாயில்லாச் சீவன் தன் நோவைச் சொல்லாது. அதற்காகச் சொல்லவேண்டியவர் நாமே. மயக்கம் வந்த நாளும் நேரமும், கடைசியாக உண்ட வேளை, அதற்குமுன் செய்துகொண்டிருந்த செயல், தெளிய எடுத்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்தியரிடம் கொடுங்கள். அவர் நோயை அறியும் வழியை அந்தக் குறிப்பே பாதியாகக் குறைத்துவிடும்.