பெயிண்ட் கடைசி

நம் பார்க்கிங்கில் உறை மூடி நிற்கும் பழைய பைக்குகளில் ஒன்று உங்களுடையதா? மறுபடி ஓட்ட ஆசையா? மெக்கானிக்கைத் தேடும் முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என்ஜின், சேஸிஸ் எண்கள் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

என் பழைய யெஸ்டிக்கு நான் முதலில் பெயிண்ட்டும் குரோமும்தான் போட்டேன். கையிருப்பு தீர்ந்தது. பளபளவென்று கிளம்பிய வண்டி, பிரேக் பிடிக்காமல் கேட் தூணில் முட்டி நின்றது. நல்லவேளை, குறுக்கே குழந்தைகள் யாருமில்லை.

அதனால் வரிசை இதுதான்: தேங்கிய பெட்ரோலை வெட்டவெளியில் வைத்து வடித்து, டாங்க், கார்புரேட்டர் சுத்தம், பிரேக் ஷூ, கேபிள், டயர், டியூப், ஒயரிங். பெயிண்ட் கடைசி. பணம் போதவில்லையா? அடுத்த மாதம் பார்க்கலாம். இத்தனை வருடம் நின்ற வண்டிதானே!